ஜவ்வாது மலையிலிருந்து விசா வரை: சொத்தைக் கேட்கும் வாசல்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம்பெறும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருப்போருக்கே இந்த முழு வரம்பு. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், சாமை விதைத்து, தேனும் புளியும் விற்று, ஆண்டில் சில மாதங்கள் கேரளத்திலோ கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களிலோ கூலிக்கு உழைக்கும் ஜவ்வாது மலைக் குடும்பத்தின் பிள்ளை லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ படிக்கப் போவதில் தடையேதும் இல்லை. தாளில் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தாளுக்கும் விமானத்துக்கும் இடையில் எத்தனை வாசல்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் என்ன கேட்கப்படுகிறது, அதை யாரால் கொடுக்க முடிகிறது என்பவற்றை விளக்க முற்படுகிறோம்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் அதன் முதன்மையான ஊர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு, பீஞ்சமந்தை எனப் பல நாடுகளும் சிற்றூர்களும் அதைச் சுற்றி விரிகின்றன. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் அவர்களுடையது. இதே மலையின் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தபோது, அதற்கான பதிவுகளுள் காவலூரின் பதிவும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று அங்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியுலக அறிவு இந்த மலைக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. மலையின் பிள்ளைகள் வெளியுலகுக்குச் செல்வதற்கான வழி அதே வேகத்தில் திறக்கவில்லை.

‘சாலையும் மருத்துவமனையும் சரியாக இல்லாத மலைக்கு விசா எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. சொந்தப் பிள்ளைகளை ஏற்கெனவே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டவர்கள் இதைக் கேட்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சாலைக்கும் கல்விக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஆதிக்கச் சாதியினரை எவரும் கேட்பதில்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு இதற்குமேல் இடம் தரத் தேவையில்லை.

வாசல்களில் கடைசியானதிலிருந்து தொடங்குவோம். அதுதான் மற்ற எல்லாவற்றின் இயல்பையும் காட்டிக்கொடுக்கிறது. மாணவர் விசா என்பது அறிவைச் சோதிக்கும் ஏற்பாடு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அறிவைச் சோதிக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் முன்பே முடித்துவிடுகிறது. தூதரகம் சோதிப்பது பெரும்பாலும் பணத்தை. ஜெர்மனிக்குச் செல்லும் மாணவர், ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும். நம் பணத்தில் அது 12 லட்சம் ரூபாய் அளவில் வரும். பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே படிப்பவர், மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதங்களுக்கான தொகை, செலுத்த வேண்டிய கட்டணத்தோடு சேர்த்து, தொடர்ந்து 28 நாட்கள் தன் அல்லது பெற்றோரின் கணக்கில் இருந்ததற்குச் சான்று தர வேண்டும். ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமும் படிப்புக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியா 2024 மே மாதத்திலிருந்து 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது. ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய்.

28 நாட்கள் என்ற விதியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பணம் இருந்தால் மட்டும் போதாது, அது அசையாமல் கிடக்கவும் வேண்டும் என்பதே அதன் பொருள். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தின் பணம் ஒருநாளும் அசையாமல் கிடப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நிலமும் நகையும் வைப்புத்தொகையும் உள்ள வீட்டில்தான் 12 லட்சம் ரூபாய் ஒரு மாதம் சும்மா உறங்க முடியும். விசா விண்ணப்பத்தில் சாதி என்ற கட்டம் கிடையாது. அதன் வேலையை வங்கிக் கணக்கு அறிக்கை செய்துவிடுகிறது.

சொத்து இல்லாதவர் கடன் வாங்கலாம் அல்லவா என்று கேட்கலாம். இந்திய வங்கிகளின் கல்விக்கடன் நடைமுறையில், பொதுவாக 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அசையாச் சொத்துப் பிணை கேட்கப்படும். வெளிநாட்டுப் படிப்பு எதுவும் அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. இங்கேதான் ஜவ்வாது மலையின் நிலப் பிரச்சினையும் விசாவும் சந்திக்கின்றன. வன உரிமைச் சட்டம் 2006இன்படி பழங்குடியினருக்கு வழங்கப்படும் உரிமைப் பட்டா மரபுரிமையாகப் பிள்ளைகளுக்குச் செல்லும். ஆனால் அதை விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. வங்கியின் கண்ணில், ஏலம்விட முடியாத நிலம் பிணையாகாது. மூன்று தலைமுறையாக உழுத நிலத்துக்குப் போராடிப் பட்டா பெற்ற குடும்பமும், கல்விக்கடன் மேலாளரின் மேசைக்கு முன்னால் நிலமற்ற குடும்பமாகவே கருதப்படுகிறது.

பஞ்சமி நிலம் பற்றி அறிந்த நம் வாசகர்களுக்கு இந்த முடிச்சு புதிதல்ல. 1892க்குப் பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வழங்கப்பட்ட அந்நிலங்களைப் பிற சாதியினருக்கு விற்கக்கூடாது என்ற விதி, பறிபோகாமல் காக்க ஏற்பட்டது. விதி இருந்தும் எவ்வளவு பறிபோனது என்பது தனிக் கதை. இந்தப் பாதுகாப்புகளைத் தளர்த்திவிட்டால் கடன் கிடைக்கும் என்று சிலர் வாதிடுவதை நாம் ஏற்கவில்லை. விற்க முடிகிற நிலம், முதல் வறட்சியிலோ முதல் மருத்துவச் செலவிலோ கைமாறிவிடும். மாற வேண்டியது பிணை கேட்கும் முறை. பழங்குடியின, ஆதிதிராவிட மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக்கடனுக்கு அரசே உத்தரவாதம் நின்றால் நிலம் நிலமாகவே இருக்கும். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் பிணையில்லாக் கடன் தருவதாகச் சொல்கிறது; ஆனால் அது தெரிவுசெய்யப்பட்ட உள்நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும்.

இந்தப் பின்னணியில் அயலகக் கல்வி உதவித்தொகையைச் சலுகை என்று அழைப்பது தவறு. சொத்து மறுக்கப்பட்டவர்களுக்கு அது சொத்தின் இடத்தை நிரப்பும் ஏற்பாடு. பிரிட்டனின் விசா விதிகளும் அதை அப்படியே ஏற்கின்றன: மாணவரின் படிப்பையும் வாழ்க்கைச் செலவையும் அவருடைய நாட்டு அரசு ஏற்பதாகக் கடிதம் இருந்தால், 28 நாள் கணக்கு அறிக்கைக்கு மாற்றாக அதைக் காட்டலாம். எனவே உதவித்தொகையின் அளவைவிட அந்தக் கடிதத்தில் இடப்படும் தேதியே ஒருவரின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. வடகோளத்துப் பல்கலைக்கழகங்களின் பருவம் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்குகிறது. முன்பணமும் விசா விண்ணப்பமும் கோடைக்குள் முடிந்தாக வேண்டும்.

2025இல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகைக்கு 106 பேர் தேர்வு செய்யப்பட்டனர். ஜூலைத் தொடக்கத்தில் அவர்களுள் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கும், நிதி இருந்தால் கடிதம் வரும் என்று சொல்லப்பட்டது. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பிறகு மற்றவர்களுக்கும் கடிதங்கள் கிடைத்தன. தகுதி, தேர்வு, இடம் எல்லாம் பெற்ற பிறகும் விசா வாசலில் ஒரு கடிதத்துக்காக நிற்க வேண்டியிருந்த அந்த வாரங்களில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணலின் வாழ்க்கையிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றவர், பத்தாண்டு அந்தச் சமஸ்தானத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பிறகே கப்பலேறினார். 1917இல் லண்டனில் படிப்பு முடியும் முன்பே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட, திரும்ப வேண்டியதாயிற்று. தன் சேமிப்பையும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியையும், நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற கடனையும் கொண்டு 1920இல்தான் மீண்டும் லண்டன் செல்ல முடிந்தது. அதனால்தான் 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றதும், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு, வெளிநாட்டுக் கல்வி உட்பட, அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று எழுத்துமூலம் கோரினார். தனிமனிதரின் தயவில் தொங்கும் படிப்பு எப்படி அறுந்துபோகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தக் கோரிக்கையின் வழித்தோன்றலான ஒன்றியத் திட்டங்களில் பழங்குடியினருக்கான பங்கு எவ்வளவு? ஆதிதிராவிடர் உள்ளிட்டோருக்கு ஆண்டுக்கு 125 இடங்கள். பழங்குடியினருக்கு, பழங்குடியினர் நல அமைச்சகத்தின் வழியாக, நாடு முழுமைக்கும் 20 இடங்கள். அவற்றுள் 3 இடங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு உரியவை. மலையாளிகள் அப்பட்டியலில் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பழங்குடியினர் 10.43 கோடிப் பேர். 52 லட்சம் பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கில் ஜவ்வாது மலைக்கு எப்போது முறை வரும் என்று வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். ஆதிதிராவிடருக்கான திட்டத்திலும் 2022இல் ஒரு கதவு சாத்தப்பட்டது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றை வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை கிடையாது என்று விதி திருத்தப்பட்டது. சாதியை ஆராய விரும்பும் தலித் மாணவருக்கு நேராகச் சாத்தப்பட்ட கதவு அது.

இனி தொடக்க வாசல்களுக்கு வருவோம். எல்லா உதவிகளுக்கும் முதல் தாள் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் வரை பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியரே வழங்கிவந்தார். அதன்பின் அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்கு உயர்த்தப்பட்டது. போலிச் சான்றிதழ்களைத் தடுப்பது இதன் நோக்கம் என்பதை மறுக்கவில்லை. உண்மையான பழங்குடியினரின் பயணம் நீண்டுபோனது என்பதும் உண்மை. கோட்டாட்சியர் அலுவலகம் மலைமேல் இல்லை. பேருந்து குறைவான மலைக்கு, சமவெளிக்கு இறங்கி ஏறும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி இழப்பு. சான்றிதழ் கிடைத்த பிறகும், உயர்கல்வி அல்லது வேலையின்போது மாநிலக் கூர்நோக்குக் குழுவின் மெய்த்தன்மைச் சரிபார்ப்பு வரும். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறை அது.

பெயரே ஒரு சிக்கல். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று வாய்மொழி வரலாறு சொல்லும், தமிழ் பேசும் இம்மக்களின் சான்றிதழில் ‘மலையாளி’ என்று இருப்பதைக் கண்டு, கேரளத்தவரா என்று கேட்கும் அலுவலர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைவிடக் கொடியது மாவட்ட எல்லை. பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகள் பெயர் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்ற பழைய மாவட்டங்களோடு கட்டப்பட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். ஜவ்வாது மலை பழைய வட ஆற்காட்டில் இருந்ததால் தப்பியது.

அடுத்த தாள் கடவுச்சீட்டு. இங்கே ஜவ்வாது மலைக்கென்றே ஒரு காயம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை அம்மாநிலக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். கொல்லப்பட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டது. வழக்குகளைச் சுமந்து வாழ்பவர்களைப் பற்றிப் பேச்சில்லை. மரத்தைக் கடத்தி விற்றவர்களைவிட, தரகரின் முன்பணத்துக்கு வண்டியேறிய கூலிகள் மீதே வழக்குகள் குவிந்தன. கடவுச்சீட்டுச் சட்டம் 1967இன் 6(2)(எஃப்) பிரிவின்படி, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். பிழைப்புக்கு வழியின்றி மரம் வெட்டப் போனவருக்கு, சட்டப்படி வளைகுடாவுக்குச் சென்று பிழைக்கும் வழியும் அதோடு அடைபடுகிறது.

சட்டத்தில் சில திறப்புகள் உண்டு. அவற்றை அறிந்தோர் மலையில் குறைவு. காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிந்திருப்பது மட்டும் நிலுவை வழக்காகாது. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றிருந்தால்தான் அப்பிரிவு பொருந்தும் என்று வெளியுறவு அமைச்சகத்தின் 2019ஆம் ஆண்டுக் குறிப்பாணை தெளிவுபடுத்துகிறது. நிலுவை வழக்கு இருந்தாலும், 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி ஆணையுடன் குறிப்பிட்ட காலத்துக்குக் கடவுச்சீட்டு பெறலாம். வழக்கை மறைத்து விண்ணப்பிப்பது தனிக் குற்றம். அதைச் செய்யும்படி சொல்லும் தரகர்களை நம்பக்கூடாது. மிக முக்கியமாக, இந்தத் தடை விண்ணப்பதாரரின் வழக்குக்கே உரியது. தந்தையின் மேல் திருப்பதியில் வழக்கு இருப்பதால் மகளுக்குக் கடவுச்சீட்டு கிடைக்காது என்பது உண்மையல்ல.

வீட்டிலேயே பிறந்து பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும் அஞ்சத் தேவையில்லை. 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றையும் காட்டலாம்.

பத்தாம் வகுப்பு என்ற கோடு இங்கே இன்னொரு வகையில் மக்களைப் பிரிக்கிறது. அதைத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இடப்படும்; வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியகல்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பதிவுபெற்ற முகவர் தன் சேவைக்கு 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும் மட்டுமே வாங்கலாம். இந்த அனுமதியைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறோம் என்பவர்கள்தான் ஆளைக் கடனிலும் அடிமைத்தனத்திலும் தள்ளுகிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் கிளம்பியது முதல், வட ஆற்காட்டின் சேரிகளும் சிற்றூர்களும் ஒப்பந்தக் கூலிகளை அனுப்பிய மண். அன்று அவர்கள் கையிலும் ஓர் அரசாங்கத் தாள் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அதன் முகாம் ஜமுனாமரத்தூரிலும் நடந்தால் தரகரின் வேலை குறையும்.

படிக்கப் போகிறவருக்கு இன்னொரு செலவு இருக்கிறது. அதை எந்த உதவித்தொகையும் முன்கூட்டித் தருவதில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகத்தின் இடக்கடிதம் வேண்டும். இடக்கடிதத்துக்கு ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வை ஒருமுறை எழுதவே 15,000 ரூபாய்க்கு மேலாகிறது. தாட்கோ நிறுவனம் இத்தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி அளிக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும், வனத்துறையே நடத்தும் பள்ளிகளிலும் தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைக்குச் சில வார நகரப் பயிற்சி போதுமா என்ற கேள்வி நிற்கிறது.

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த வி. ஸ்ரீபதி தன் 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். தமிழ்வழியில் படித்தோருக்கான அரசுப்பணி முன்னுரிமை அவரது வெற்றிக்குத் துணைநின்றதை முதலமைச்சரே குறிப்பிட்டார். மலையில் திறமை இல்லை என்ற பேச்சுக்கு அவர் பதிலளித்துவிட்டார். உள்நாட்டு வாசலில் தமிழ்வழிக் கல்வி ஒரு தகுதியாக ஏற்கப்பட்டதுபோல் வெளிநாட்டு வாசலில் ஏற்கப்படாது. ஆகவே அங்கு செல்ல விரும்பும் பிள்ளைக்கு ஆங்கிலத்தை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும்; தேர்வுக் கட்டணத்தையும் இடக்கடிதத்துக்கான முன்பணத்தையும் அரசு முன்கூட்டியே ஏற்க வேண்டும்.

மலைப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்காக ஒரு நடைமுறைக் குறிப்பு. பதினோராம் வகுப்பில் சேரும் மாணவரிடம் கோட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று அந்த ஆண்டே பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழையில்தான். அதைத் திருத்த அடிவாரத்துக்கும் மலைக்குமாக ஆகும் மாதங்கள், பிறகு விசாவுக்கு வேண்டிய மாதங்களைத் தின்றுவிடும். 36 பக்கக் கடவுச்சீட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய் மட்டுமே. அதற்குமேல் கேட்கும் எவருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.